ஜவளகிரிக் காடும் வேட்டைக்காரரின் பேனாவும்

ஓசூர் என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருபவை தொழிற்சாலைகளே. 1970களில் சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. அதன் பின்னர் லாரிகளும், மொபெட்டுகளும், கைக்கடிகாரங்களும் அங்கிருந்து நாடெங்கும் செல்லத் தொடங்கின. 2019இல் ஊர் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. ஆனால் அதே ஊரின் பஸ் நிலையத்தில் ஏறித் தளி வழியாகச் சென்றால், ஓரிரு மணி நேரத்தில் நாம் யானைகள் உலவும் காட்டின் விளிம்பை அடைந்துவிடலாம். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று தெற்கே இறங்கிக் காவிரிக் கரை வரை செல்லும் காடு அது.

இந்தக் காட்டை ஆங்கிலம் படிக்கும் உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் கென்னத் ஆண்டர்சன். வேட்டைக்காரர், கதை சொல்வதில் வல்லவர். அவருடைய நூல்கள் சுவையானவை என்பதில் ஐயமில்லை. படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க முடியாது. ஆனால் சுவை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஒரு காட்டைப் பற்றிய எழுத்தை எடை போட முடியுமா? விலங்குகளின் இயல்பை அவர் எவ்வளவு சரியாகக் கண்டார், காட்டின் அழகை எவ்வளவு காட்டினார், எதைக் காணாமல் விட்டார் என்ற கேள்விகளும் உள்ளன. ஓசூர்ப் பக்கத்து இளைஞர்கள் பலர் தங்கள் வீட்டருகே உள்ள காட்டை இவருடைய கண் கொண்டே இன்றும் பார்க்கிறார்கள். ஆகவே இக்கேள்விகளை ஒத்திப்போடுவதற்கில்லை.

ஆண்டர்சன் 1910இல் ஐதராபாத்தில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 1974இல் அங்கேயே மறைந்தார். வேலை பார்த்தது பெங்களூர் விமானத் தொழிற்சாலையில். தொழிற்சாலை மனிதர் ஒருவர் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஸ்டூடிபேக்கர் காரில் ஏறிக் காட்டுக்கு ஓடிவந்தார் என்பதை, இன்றைய ஓசூர்த் தொழிலாளர்கள் ஒரு புன்னகையுடன் நினைத்துக்கொள்ளலாம். அவருடைய முதல் நூலான 'நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' 1954இல் வெளிவந்தது. ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலியும், தளிக்கு அருகில் உள்ள கும்மளாபுரத்தின் ஆட்கொல்லிச் சிறுத்தையும் அந்த நூலில்தான் வருகின்றன. 1959இல் 'தி பிளாக் பேந்தர் ஆஃப் சிவனிப்பள்ளி' வெளிவந்தது. சிவனிப்பள்ளி தேன்கனிக்கோட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர். இறுதி நூலான 'ஜங்கிள்ஸ் லாங் அகோ' அவர் மறைந்த பிறகு 1976இல் அச்சாயிற்று. நூல்களில் அவர் 'சேலம் ஜில்லா' என்று குறிப்பிடுவதைக் கண்டு மாணவர்கள் குழம்ப வேண்டாம். 1965இல் தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது.

முதலில் அவருக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். காட்டில் ஒலியைக் கொண்டு விலங்கை அறிவது எப்படி என்பதை ஆண்டர்சனைப் போல விளக்கியவர்கள் குறைவு. புள்ளிமான் கத்தினால் என்ன, கடமான் கத்தினால் என்ன, மந்தி கிளையிலிருந்து எச்சரித்தால் என்ன என்று ஒவ்வொன்றையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். இருட்டில் பரண் மேல் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக் கண்ணைவிடக் காதே துணை. எனவே அவருடைய எழுத்தில் காடு காட்சியாக வருவதைவிட ஓசையாகவே அதிகம் வருகிறது. இது ஒரு தனிச் சிறப்பு. விலங்குகளின் நடத்தையை ஆராயும் இன்றைய விஞ்ஞானிகளும் இந்த எச்சரிக்கைக் குரல்களை முக்கியமான சான்றாகக் கொள்கிறார்கள்.

இரண்டாவது பெருமை இதனினும் பெரிது. விலங்கு ஏன் மனிதனைக் கொல்லத் தொடங்குகிறது என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ஜவளகிரிப் புலி பிறவிக் கொலைகாரி அல்ல. அதன் துணையைத் திருட்டு வேட்டைக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள், பின்னர் அதையும் ஒருவர் சுட்டுக் காயப்படுத்தினார், அதன் பிறகே அது மனிதரைத் தேடியது என்று எழுதுகிறார். 42 பேரைக் கொன்றதாக அவர் கூறும் கும்மளாபுரத்துச் சிறுத்தையின் உடலைச் சோதித்தபோது, பாதத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் புதைந்திருந்தன. வேகமாக ஓடும் இரையைப் பிடிக்க முடியாத விலங்கு, மெதுவாக நடக்கும் இரையை நாடுகிறது. குமாவோன் மலையில் ஜிம் கார்பெட் கண்டதும் இதுவே. முக்தேசர் ஆட்கொல்லிப் புலியின் உடலிலும் முள்ளம்பன்றி முட்களைத்தான் அவர் கண்டார். காரணத்தைத் தேடும் இந்த மனப்பான்மை விஞ்ஞான மனப்பான்மைதான்.

ஆனால் அத்தியாயத்தின் முடிவில் காரணம் கூறும் ஆண்டர்சன், அதன் தலைப்பில் என்ன கூறுகிறார்? கும்மளாபுரத்துச் சிறுத்தைக்கு 'புள்ளிச் சைத்தான்' என்று பெயர். ஆந்திரத்துச் சாமலைப் பள்ளத்தாக்கின் புலி 'வரிப் பயங்கரம்'. ஜாலஹள்ளியில் உலவியது 'கொலையாளி'. இவை நீதிமன்றத்தில் பயன்படும் சொற்கள், விலங்கியலில் இடமில்லாதவை. உள்ளே காயம்பட்ட பிராணி, வெளியே சைத்தான்! பதிப்பகத்தார் விற்பனைக்காக இட்ட பெயர்கள் என்று சமாதானம் கூறலாம். அப்படியாயின் கதையின் நடுவிலும் அதே தொனி தொடர்வது ஏன்? தந்திரம், பழிவாங்கல், வஞ்சம் என்று மனிதக் குணங்களை விலங்கின் மேல் ஏற்றிய பிறகு, முள்ளம்பன்றி முள்ளைப் பற்றிய உண்மை வாசகரின் மனத்தில் தங்குவதில்லை. சைத்தானே தங்கிவிடுகிறது.

சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தையையும் இங்கே சொல்லலாம். பொதுமக்கள் பலர் கருஞ்சிறுத்தையைத் தனி இனம் என்றும், சாதாரணச் சிறுத்தையைவிடக் கொடியது என்றும் நம்புகின்றனர். உண்மையில் அது கருநிறமிகள் மிகுந்த சிறுத்தையே. சாய்வான வெயிலில் பார்த்தால் கறுப்புத் தோலிலும் புள்ளிகள் தெரியும். சிறுத்தையில் இந்தக் கறுப்பு, மெண்டல் விதிப்படி ஒடுங்கு பண்பு. அதாவது, தாயும் தந்தையும் மஞ்சள் நிறமாக இருந்தாலும், இருவரிடமும் அப்பண்பு மறைந்திருந்தால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் கறுப்பாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மழை மிகுந்த அடர்ந்த காடுகளில்தான் இத்தகையவை அதிகம் காணப்படுகின்றன. சிவனிப்பள்ளி போன்ற வறண்ட இலையுதிர் காட்டில் அது ஓர் அரிய விருந்தாளி.

யானையின் வழக்கு

புலியையும் சிறுத்தையையும் விட்டு யானைக்கு வருவோம். ஏனெனில் இன்று ஓசூர் வனக்கோட்டத்தின் தலையாய விலங்கு யானையே. ஆண்டர்சனின் முதல் நூலில் பனப்பட்டியின் 'ரோக்' யானை வருகிறது. பயிரை மேய்ந்து ஆளையும் கொல்லும் ஒற்றை ஆண் யானைக்கு அரசாங்கம் அக்காலத்தில் 'ரோக்' என்று முத்திரை குத்தி, சுட்டுக் கொல்ல அனுமதி வழங்கும். முத்திரை விழுந்தவுடன் விசாரணை முடிந்தது. இந்த யானை ஏன் தனியாக இருக்கிறது, ஏன் வயலுக்கு வருகிறது என்பவை வேட்டைக்கதைக்குத் தேவையற்ற கேள்விகள்.

அக்கேள்விகளுக்கு விடை கண்டவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஆர். சுகுமார். 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் அவர் நடத்திய ஆராய்ச்சி 1989இல் நூலாக வெளிவந்தது. ஆண் யானை வளர்ந்தபின் குடும்பக் கூட்டத்தை விட்டுப் பிரிவது அதன் இயல்பு, குற்றமன்று. கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண் யானை. வளர்ந்த ஆண் யானை ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகளும், குடும்பக் கூட்டத்து யானை 8 இரவுகளும் வயலில் இறங்குகின்றன என்று அவர் கணக்கிட்டார். ஏன் வருகின்றன? மழைக்காலம் முடியும்போது காட்டுப் புல் முற்றி நாராகிவிடுகிறது. அதே சமயத்தில் கேழ்வரகு பால் பிடித்து நிற்கிறது. புரதம், சுண்ணாம்புச்சத்து, சோடியம் ஆகிய மூன்றும் காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகில் அதிகம். நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி தேடும் பிராணிக்கு, குறைந்த உழைப்பில் நிறைந்த உணவு கிடைக்கும் இடம் எதுவோ அதுவே வழி. மதம் பிடித்தல் என்பதும் ஆண் யானையின் உடலில் பருவந்தோறும் நிகழும் ஹார்மோன் மாற்றமே.

பன்னர்கட்டாக் காட்டிலிருந்து ஆண்டுதோறும் தளி, ஜவளகிரி வழியாக வந்து, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை யானைகள் பரவுவது ஏன் கேழ்வரகு அறுவடையை ஒட்டி நிகழ்கிறது என்பது இப்போது விளங்கும். சானமாவுக் காட்டை ஒட்டித் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், மறுபக்கம் யானைகள். இந்தக் காட்சிக்கு 'ரோக்' என்ற சொல் எவ்விதத்திலும் உதவாது. யாரையாவது குற்றவாளியாக்க உதவலாம். இரவெல்லாம் கண் விழித்துக் கேழ்வரகைக் காக்கும் விவசாயிக்கு உதவாது.

அந்த விவசாயியைப் பற்றித்தான் ஆண்டர்சன் மீது எனக்குப் பெரிய குறை உண்டு. அவர் தமிழும் கன்னடமும் பேசினார். கிராமத்து மக்களோடு தரையில் அமர்ந்து பழகினார். பூசாரி குலத்துப் பைரா போன்ற காட்டுவாசிகளிடம் தாம் கற்றுக்கொண்டதை ஒளிக்காமல் எழுதினார். அக்காலத்து வெள்ளையர் எழுத்தோடு ஒப்பிட்டால் இது சாதாரணமல்ல. இருந்தும் கதையின் உச்சத்தில் கிராமத்தார் எங்கே இருக்கிறார்கள்? கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே நடுங்குகிறார்கள். ஜவளகிரியில் ஆண்புலியின் குரலில் கூவிப் பெண்புலியை வரவழைத்துச் சுடும் அந்தப் புகழ்பெற்ற இறுதிக் காட்சியில், மேடையில் இருப்பவை ஒரு துப்பாக்கியும் ஒரு புலியும் மட்டுமே.

இதே மண்ணில் இதற்கு முன்பு புலிக்கதை எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. ஆநிரை மீட்டு இறந்தவர்க்கு மட்டுமன்றி, புலியோடு பொருது இறந்தவர்க்கும் கல் நட்டார்கள். புலிக்குத்திக் கல் என்பது அதன் பெயர். அங்கே வீரன், இறந்துபட்ட ஊர்க்காரன். அவன் உருவம் கல்லில். சிலவற்றில் அவன் பெயரும் உண்டு. ஆண்டர்சனின் நூலில் இறந்துபட்ட ஊர்க்காரன் எண்ணிக்கையாகிவிடுகிறான். வீரன், இறுதியில் வந்து சேர்ந்த விருந்தாளி. இன்னும் பின்னே சென்றால் சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணை முழுவதும் தினைப்புனம் காக்கும் பரணும், கவணும், தினை மேய வரும் யானையுமாகவே இருக்கிறது. பயிரும் யானையும் மோதுவது நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. வேட்டைக்கதைதான் அதை மறக்கச் செய்தது. பின்னர், 2004இல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும் வரை, செய்தித்தாள்களில் காவிரிக் கரைக் காடு கொள்ளைக்காரனின் ஒளிவிடமாக மட்டுமே இருந்தது. ஒரு கதை போய் இன்னொரு கதை வந்தது. காடு பின்னணித் திரையாகவே நின்றது.

அழகும் எல்லைக்கோடும்

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறாகத் தொடங்கியது. அங்கே பொதுக் காடுகளைக் காத்தது அச்சமூட்டும் கதை அன்று. அழகைக் காட்டிய ஓவியமும் உரைநடையும். 1871இல் ஹேடன் தலைமையில் எல்லோஸ்டோன் பகுதிக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் தாமஸ் மோரன் என்ற ஓவியரும், வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் இருந்தார்கள். வெந்நீர் ஊற்றுகளையும் பள்ளத்தாக்கையும் காட்டும் அவர்களுடைய படங்கள் வாஷிங்டனில் உள்ள சட்டமன்ற உறுப்பினர்களைக் கவர்ந்தன. 1872 மார்ச் 1ஆம் தேதி எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பிறந்தது. ஜான் மியூர் 1901இல் வெளியிட்ட 'அவர் நேஷனல் பார்க்ஸ்' என்ற நூல், மலையையும் மரத்தையும் ஆலயத்தைப் போலப் போற்றுகிறது. 1903இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மியூருடன் யோசெமிட்டியில் திறந்தவெளியில் இரவைக் கழித்தார். ரூஸ்வெல்ட்டே பெரிய வேட்டைக்காரர் என்பது வேடிக்கை.

ஆனால் அழகெழுத்துக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. மியூர் 'மாசற்ற காடு' என்று கண்ட யோசெமிட்டியிலிருந்து அங்கே வாழ்ந்த அவ்வானீச்சி மக்களை 1851இலேயே படை கொண்டு விரட்டியிருந்தார்கள். எல்லோஸ்டோனின் எல்லையைச் சதுரமாக வரைபடத்தில் கோடு போட்டு அமைத்தார்கள். அருவியும் ஊற்றும் உள்ளே அடங்கின, ஆனால் குளிர்காலத்தில் எல்க் மான்களும் காட்டெருமைகளும் இறங்கிச் செல்லும் தாழ்நிலங்கள் வெளியே நின்றுவிட்டன. அழகான விலங்குகளைக் காக்க வேண்டி ஓநாய்களைக் கொன்றார்கள். 1926இல் அங்கே ஓநாய் அற்றுப் போயிற்று. ஓநாய் இல்லாமல் எல்க் மான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்து தீர்த்தன. 1995இல் கானடாவிலிருந்து ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

இரண்டு எழுத்துமுறைகளும் ஒரே இடத்தில் தவறுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. மியூரின் காட்டில் மனிதன் இல்லை; ஆண்டர்சனின் காட்டில் மனிதன் இரை. வாழும் மனிதனும் வாழும் விலங்கும் ஒரே நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் காட்சி இரண்டிலும் மங்கலாகவே உள்ளது. ஜவளகிரியிலோ அந்தக் காட்சிதான் முழு உண்மை. தளிப் பகுதியைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைக்கும் வழக்கமும் இதே இனம்தான். கடல்மட்டத்துக்கு மேல் 3,000 அடி உயரத்தில், வெயில் கடுமையற்ற ஒரு தக்காண மேட்டுநிலத்தின் அழகை, இங்கிலாந்தைப் போல இருக்கிறது என்று சொன்னால்தானா நமக்குப் புரியும்? தளியின் அழகு கேழ்வரகுத் தாளும், பாறைக்குன்றும், ஏரியும், மூங்கிலும். அங்கிருந்து ஏறத்தாழ 4,500 அடி உயரமுள்ள குத்திராயன் மலையைக் கடந்து காவிரிக்கு இறங்கினால், முட்புதர்க்காடும், ஆற்றோரத்தில் நீர்மருதும், அதன் கிளைகளில் சாம்பல்நிற அணிலும், நீரில் நீர்நாயும் முதலையும். சுமார் 100 கிலோமீட்டருக்குள் இத்தனை வகைக் காடுகளைக் காண்பது எளிதன்று.

எல்லைக்கோட்டுப் பிரச்சினை நமக்கும் உண்டு. யானை அறியாத மாநில எல்லை ஒன்று இக்காட்டின் நடுவே ஓடுகிறது. கர்நாடகப் பக்கத்தில் பன்னர்கட்டா 1974இல் தேசியப் பூங்காவாயிற்று. காவிரி சரணாலயம் 1987இல் அமைந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் 504.33 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு சரணாலயம் 2014இல்தான் அறிவிக்கப்பட்டது, 686.4 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு சரணாலயம் 2022இல் வந்தது. அதாவது ஜவளகிரிக் கதை அச்சேறி 60 ஆண்டுகள் கழிந்த பிறகே தமிழ்நாட்டுப் பக்கம் சரணாலயமாயிற்று. உலகெங்கும் படிக்கப்பட்ட ஒரு நூல் தன் காட்டுக்கு இவ்வளவு சிறிய பாதுகாப்பையே தேடித் தந்தது என்பது சிந்திக்கத்தக்கது. மோரனின் ஓவியம் ஓராண்டுக்குள் ஒரு பூங்காவுக்கு வழி செய்தது அல்லவா! அச்சம் தந்த புகழ் நூலாசிரியருக்குப் போயிற்று. காட்டுக்கு வந்து சேரவில்லை.

வேறு விதமாக எழுத முடியாதா என்று கேட்கலாம். முடியும் என்று காட்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை இயற்கைக் குறிப்புகள் எழுதினார். தமிழில் எழுதியவை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகத் தியடோர் பாஸ்கரனின் முயற்சியால் கிடைக்கின்றன. ஆண்டர்சனிடம் உள்ள விறுவிறுப்பு கிருஷ்ணனிடம் இல்லை. வேண்டும் என்றே இல்லை. ஒரு யானையைப் பார்த்தால் அதன் காது, கால், தும்பிக்கையின் அசைவு, அது தின்ற செடியின் பெயர் என்று எழுதுவார். பரபரப்பை எதிர்பார்த்துப் போகும் வாசகர் முதல் பக்கத்தில் ஏமாறுவார். ஐந்தாவது பக்கத்தில் தாமே யானையைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். கிருஷ்ணனின் குறை வேறு: அவர் பண்படுத்தப்பட்ட நிலத்தைவிடக் கன்னிக் காட்டையே பெரிதும் விரும்பினார், ஆகவே தளி விவசாயியின் இரவுக் காவல் அவரிடமும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

ஆண்டர்சனை ஒதுக்கிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. அவருடைய நூல்களுக்கு அவர் நினைத்திராத ஒரு பயன் உண்டு. ஊர், ஓடை, குன்று, சாலை ஆகியவற்றின் பெயர்களை அவர் ஒழுங்காகக் குறித்து வைத்தார். எந்த ஓடையில் கோடையிலும் நீர் நின்றது, எங்கே மூங்கில் அடர்ந்திருந்தது, எங்கே உண்ணிச்செடிப் புதர் சிறுத்தைக்கு மறைவிடமாயிற்று என்பவை கதைப்போக்கில் வருகின்றன. உண்ணிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று தென்னிந்திய இலையுதிர் காடுகளில் புல்லை அமுக்கிப் படர்ந்து, யானையின் தீனியைக் குறைத்துவிட்ட களை அது. ஆண்டர்சனுக்கு அது வெறும் மறைவிடம். நமக்கு அது ஒரு நோய் எவ்வளவு முன்பே பரவியிருந்தது என்பதற்குக் குறிப்பு.

ஆண்டர்சனைப் புதிதாகப் படிப்பவர்கள் கும்மளாபுரக் கதையிலிருந்து தொடங்கலாம். அதில் காரணத்தைத் தேடும் ஆண்டர்சன் தெளிவாக இருக்கிறார். ஜவளகிரிக் கதையை அடுத்துப் படிக்கலாம். பனப்பட்டி யானையைச் சுகுமாரின் ஆராய்ச்சியை அறிந்த பிறகு படிப்பது நல்லது. படிக்கும்போது கிருஷ்ணகிரி மாவட்ட வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் குறிப்பிடும் தளியும் ஜவளகிரியும் அஞ்செட்டியும் அதே பெயர்களோடு இன்றும் அதில் இருக்கின்றன. சின்னாறும் அதே பெயரோடு ஒகேனக்கல்லில் காவிரியைச் சேர்கிறது.